எட்டு அங்குலத்துக்குத் துணையாக எண்பது மில்லிமீட்டர்: இரண்டாவது தொலைநோக்கி ஒன்றின் மதிப்புரை

பதினோரு ஆண்டுகளாக எனக்கு ஒரே தொலைநோக்கிதான். எட்டு அங்குல ஆடி கொண்ட ஸ்கை-வாட்சர் டாப்சோனியன்; தரையில் நிற்கும் அடிப்பலகைமேல் திரும்பும் ஆடித் தொலைநோக்கி. விட்டம் 200 மில்லிமீட்டர், குவியத் தொலைவு 1200 மில்லிமீட்டர். மொரீசியஸின் தென்வானத்தில் நான் கற்றுக்கொண்டவற்றில் பெரும்பகுதி அதன் ஐபீஸில், அதாவது கண்ணருகு வில்லையில், கண்ணை வைத்துக் கற்றுக்கொண்டதுதான். அதனுடன் 10x50 இருகண்நோக்கி ஒன்றும் உண்டு. சென்ற ஆண்டு இவ்விரண்டுக்கும் துணையாக ஸ்கை-வாட்சர் எவோஸ்டார் 80இடி (80ED) என்னும் சிறிய வில்லைத் தொலைநோக்கியை வாங்கினேன். எதை வாங்குவது என்று தீர்மானிக்க ஏழு மாதங்கள் ஆயின. வாங்கியபின் பத்து மாதங்கள் அதைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். ஏற்கெனவே ஒரு கருவி வைத்துக்கொண்டு அடுத்ததைத் தேடுகிறவர்களுக்கு, அதிலும் நம்மைப்போல் மேகமும் ஈரமும் மிகுந்த தீவில் இருப்பவர்களுக்கு, என் அனுபவம் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

முதலில் நான் ஆசைப்பட்டது பெரியதற்குத்தான். எட்டு அங்குலம் இருக்கிறது, இனிப் பன்னிரண்டு அங்குலம் வாங்கலாம் என்பதே எவருக்கும் இயல்பாகத் தோன்றும் எண்ணம். 300 மில்லிமீட்டர் ஆடி என்னுடையதைப்போல் இரண்டேகால் மடங்கு ஒளியைச் சேர்க்கும். ஒமேகா செந்தாரி என்னும் கொத்தின் விண்மீன்கள் இன்னும் நெருக்கமாகப் பொடிப்பொடியாகத் தெரியும். கன்னி ராசியின் மங்கலான பேரடைகள் சிலவற்றில் வடிவம்கூடப் புலப்படும். ஆனால் பன்னிரண்டு அங்குலம் வீட்டுக்குள் வந்துவிட்டால் எட்டு அங்குலத்துக்கு வேலை இருக்காது. அது முன்னதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் கருவியே ஒழிய அதற்குத் துணையாக நிற்கும் கருவி அன்று. இது புரிய எனக்குச் சில மாதங்கள் ஆயின.

புரியவைத்தது என் நாட்குறிப்பு. தொலைநோக்கியை வெளியே எடுக்க எண்ணி எடுக்காமல் விட்ட இரவுகளையும் அதில் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. வாக்வா மேட்டுநிலத்தில் இருப்பவர்களுக்கு இங்குள்ள வானத்தின் குணம் தெரியும். மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று கடலிலிருந்து மேகத்தை ஏற்றிக்கொண்டு வந்து நம் தலைமேல் தூறலாகக் கொட்டிவிட்டுப் போகும். அதே நேரத்தில் மேற்குக் கரையில் தாமரீனிலும் ஃபிளிக்-ஆன்-ஃபிளாக்கிலும் வானம் துடைத்ததுபோல் இருக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழையும் புயல் எச்சரிக்கையும். இதற்கிடையே இருபது நிமிடம், அரைமணி நேரம் என்று வானம் திறக்கும். எட்டு அங்குலத்தின் அடிப்பலகையும் குழாயும் சேர்ந்து ஏறத்தாழ இருபத்தைந்து கிலோ. அவற்றை வீட்டின் வெளிப்படிக்கட்டு வழியாக மொட்டைமாடிக்கு ஏற்ற இரண்டு நடை வேண்டும். ஏற்றி, ஆடிகளை ஒத்திசைத்து நிமிர்ந்தால், தென்கிழக்கிலிருந்து மேகம் மறுபடி வந்திருக்கும். நாட்குறிப்பில் ‘திறந்தது, எடுக்கவில்லை’ என்ற இரண்டு சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன.

2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கராஜில் நிறுத்தியிருந்த டாப்சோனியனின் குழாயை மட்டும் தூக்கி உள்ளறைக்குக் கொண்டுபோனேன், அடிப்பலகையை விட்டுவிட்டேன். தண்ணீர் இரண்டு அங்குல உயரத்துக்குத்தான் உள்ளே வந்தது. மரத்தூளை அழுத்திச் செய்த அந்தப் பலகை அதற்கே விளிம்பில் பிட்டுபோல் ஊதிவிட்டது. இன்றும் கருவியைத் திருப்பும்போது ஓரிடத்தில் உரசும். தூக்கிக்கொண்டு ஓட முடியாத கருவியைப் புயல் நாட்டில் வைத்திருப்பவர் அதற்கென்று உயரமான ஓர் இடத்தையும் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே தேடலை மாற்றினேன். எட்டு அங்குலம் செய்வதை இன்னும் நன்றாகச் செய்யும் கருவியை விட்டுவிட்டு, எட்டு அங்குலம் செய்யாததைச் செய்யும் கருவி எது என்று பார்க்கத் தொடங்கினேன். செய்யாதவை இரண்டு. உடனே வெளியே வராது, அகலமாகப் பார்க்காது.

இரண்டாவதைச் சற்று விளக்க வேண்டும். ஐபீஸுக்குள் கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் அகலமான தோற்றப் புலத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் வானத்தில் எத்தனை பாகை தெரியும் என்பது கிடைத்துவிடும். என்னிடம் 32 மில்லிமீட்டர் பிளோசல் ஐபீஸ் ஒன்று இருக்கிறது. அதன் தோற்றப் புலம் 52 பாகை. எட்டு அங்குலத்தில் அது 37.5 மடங்கு பெருக்கி, 1.4 பாகையைக் காட்டும். கார்த்திகைக் கூட்டம் வானத்தில் ஏறத்தாழ இரண்டு பாகை அகலம் உடையது. கரீனா நெபுலா என்னும் ஒளிரும் வாயு முகிலும் அவ்வளவே. தேளின் வாலில், மூல நட்சத்திரத்துக்கு அருகே இருக்கும் ஏழாம் மெஸ்ஸியர் கொத்து 1.4 பாகைக்குள் அடங்கினாலும் ஓரங்களை இடித்துக்கொண்டு நிற்கும். சுற்றிலும் கருமை இருந்தால்தான் ஒரு கொத்து கொத்தாகத் தெரியும். மகல்லன் மேகங்கள் என்னும் இரண்டு அண்டைப் பேரடைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. பெரிய மேகம் பத்துப் பாகை அளவுக்குப் பரந்து கிடப்பது. எட்டு அங்குலத்தில் அதன் உள்ளே புகுந்து தொலைந்துபோகலாமே தவிர அதைப் பார்க்க முடியாது. மறுபுறம் இருகண்நோக்கி ஆறரைப் பாகையைக் காட்டினாலும் பத்து மடங்குதான் பெருக்கும். பத்து மடங்குக்கும் முப்பத்தேழு மடங்குக்கும் இடையே என்னிடம் எதுவும் இல்லை. தென்வானத்தின் சிறப்பான பொருள்களில் பல அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.

இந்த இரண்டு தேவைகளையும் கையில் வைத்துக்கொண்டு 80இடியோடு வேறு நான்கு கருவிகளையும் ஆராய்ந்தேன்.

பலரும் முதலில் சொல்வது 127 மில்லிமீட்டர் மேக்சுடோவ், வில்லையும் ஆடியும் சேர்ந்த தொலைநோக்கி. ஸ்கைமேக்ஸ் 127 என்ற பெயரில் கிடைப்பது குட்டையாகவும் உறுதியாகவும் இருக்கும். ஒரு கையால் தூக்கிவிடலாம். குவாத்ர் போர்னில் நண்பர் ஒருவரிடம் அது இருந்ததால் மூன்று இரவுகள் என் எட்டு அங்குலத்தின் அருகில் வைத்துப் பார்க்க முடிந்தது. நிலாவின் விளிம்பு, வியாழனின் பட்டைகள், இரட்டை விண்மீன்கள் ஆகியவற்றில் அது மிகக் கூர்மையான கருவி. ஆனால் அதன் குவியத் தொலைவு 1500 மில்லிமீட்டர். அதே 32 மில்லிமீட்டர் ஐபீஸ் அதில் 47 மடங்கு பெருக்கி 1.1 பாகையைத்தான் காட்டும்; அதாவது என் டாப்சோனியனைவிடவும் குறுகலாக. கோள்களைப் பார்ப்பதில் எட்டு அங்குலமே அதைவிட மேல். முகப்பில் இருக்கும் கண்ணாடித் தட்டு நம் மேட்டுநிலத்துப் பனியைக் காந்தம்போல் இழுத்துக்கொள்ளும் என்பதும் தெரிந்தது. மூன்றாம் இரவில் பத்து மணிக்கெல்லாம் அது பால்போல் வெளுத்துவிட்டது. என் தேவைக்கு அது பொருந்தவில்லை. போர்ட் லூயிஸ் அல்லது பொ-பாசேன் பக்கம் அடுக்குமாடியில், தெருவிளக்குகளுக்கு நடுவே, பால்கனியிலிருந்து மட்டும் பார்க்க வாய்க்கும் ஒருவருக்கு அதையே நான் பரிந்துரைப்பேன். வெளிச்சம் நிறைந்த வானத்தில் நிலாவும் கோள்களும்தான் மிஞ்சுகின்றன, அவற்றுக்கு அதைப்போல் கையடக்கமான கருவி வேறில்லை.

அடுத்தது ஸ்டார்டிராவல் 102. விட்டம் 102, குவியத் தொலைவு 500. அதே ஐபீஸில் 3.3 பாகை. விலையும் குறைவு. சாதாரணக் கண்ணாடியால் ஆன இரட்டை வில்லை என்பதால் பிரகாசமான பொருள்களைச் சுற்றி ஊதா நிறம் வழியும். அகத்திய மீனையோ சிரியஸையோ பார்த்தால் அது தெளிவாகத் தெரியும். நிலாவின் விளிம்பிலும் ஊதாக் கோடு ஒன்று ஓடும். விண்மீன் கொத்துகளை மட்டும் பார்க்கப்போகிறவருக்கு அது பெரிய இடையூறு அன்று. பணத்தை எண்ணிப் பார்த்துச் செலவு செய்ய வேண்டியவர் இதை வாங்கினால் தவறே இல்லை. நானும் கடைசிவரை இதற்கும் 80இடிக்கும் இடையேதான் ஊசலாடினேன். என்னைத் திருப்பியது இரட்டை விண்மீன்கள். தென் சிலுவையின் அடியில் இருக்கும் ஆக்ரக்ஸ் நான்கு விகலை (ஒரு பாகையின் 3600-இல் ஒரு பங்கு ஒரு விகலை) இடைவெளியில் நிற்கும் இரண்டு விண்மீன்கள். அதைப் பிரித்துப் பார்க்கும்போது நிறம் வழியாத வில்லை தரும் நிறைவு வேறு.

15x70 இருகண்நோக்கியையும் எண்ணிப் பார்த்தேன். நம் அட்சரேகையில் பால்வழியின் நடுப்பகுதி நேர் தலைக்குமேல் போகிறது. ஒன்றரைக் கிலோவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உச்சியைப் பார்ப்பது கழுத்துக்கும் கைக்கும் ஆகாது. கல்லூரியில் படிக்கும் என் மகள் பரிந்துரைத்தது சீஸ்டார் எஸ்50 என்னும் புதுவகைக் கருவி. 50 மில்லிமீட்டர் வில்லையும் உள்ளேயே கேமராவும் கொண்டது. தானாகவே பொருளைத் தேடிப் படமெடுத்துக் கைப்பேசிக்கு அனுப்பிவிடும். படம் எடுப்பதே விருப்பம் என்றால் நல்ல கருவி. அதில் கண்ணை வைத்துப் பார்க்க இடமில்லை. எனக்குக் கண்ணால் பார்க்க வேண்டும். அவளுக்கு ஒருநாள் அதை வாங்கித் தருவேன்.

தேர்ந்தெடுத்த 80இடியின் அளவுகள் இவை: விட்டம் 80 மில்லிமீட்டர், குவியத் தொலைவு 600 மில்லிமீட்டர், குவிய விகிதம் எஃப்/7.5. இரண்டு வில்லைகளில் ஒன்று ஜப்பானின் ஒஹாரா நிறுவனம் தயாரிக்கும் எஃப்பிஎல்-53 என்னும் கண்ணாடியால் ஆனது. அந்தக் கண்ணாடி நிறங்களைச் சிதறவிடுவது மிகக் குறைவு என்பதால்தான் பெயரில் இடி என்ற எழுத்துகள். 32 மில்லிமீட்டர் ஐபீஸில் 19 மடங்கு, 2.8 பாகை. இரண்டங்குல ஐபீஸ் போட்டால் நான்கு பாகைக்கும் மேல் போகலாம். 5 மில்லிமீட்டர் ஐபீஸில் 120 மடங்கு. ஒரு முனையில் இருகண்நோக்கியைத் தொட்டுக்கொண்டும் மறுமுனையில் டாப்சோனியனுக்குள் புகுந்தும் நிற்கும் அளவுகள் இவை. ஒளி சேர்ப்பதில் எட்டு அங்குலம் இதைப்போல் ஆறேகால் மடங்கு என்பதை மறைக்க வேண்டியதில்லை. மங்கலான பேரடைகளைத் தேடி இதை வாங்குபவர் ஏமாந்துபோவார்.

சிறிய கருவி என்றதும் நினைவுக்கு வருவது பிரெஞ்சு வானியலாளர் லக்காய். 1751, 1752 ஆண்டுகளில் நன்னம்பிக்கை முனையில் அரை அங்குல வில்லையும் எட்டு மடங்கு பெருக்கமும் கொண்ட குழாய் ஒன்றை வைத்துக்கொண்டு ஏறத்தாழ பத்தாயிரம் தென்வான விண்மீன்களின் இடங்களை அளந்தவர். நெபுலா போன்ற 42 பொருள்களின் பட்டியலையும் தந்தவர். அங்கிருந்து 1753-இல் அவர் வந்தது நம் தீவுக்குத்தான். அவர் பெயரிட்ட பதினான்கு விண்மீன் குழுக்களில் ‘தொலைநோக்கி’ என்றே ஒன்று இருக்கிறது. அவருடைய பட்டியலில் உள்ளவற்றை இந்த 80 மில்லிமீட்டரில் ஒவ்வொன்றாகப் பார்த்துவருவது இப்போது என் வழக்கம்.

வாங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கே நான் ஏறி இறங்கிய கடைகளில் இந்தக் குழாய் இருப்பில் இல்லை, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். அனுப்புக் கூலியுடன் இங்கு 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியையும் கணக்கில் வைத்துக்கொள்ளாமல் விலையை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. குழாய் அலுமினியப் பெட்டியில், உள்ளே நுரைமெத்தை வைத்து, ஒரு கீறலும் இல்லாமல் வந்து சேர்ந்தது.

தவறு செய்தது மவுண்டில், அதாவது குழாயைத் தாங்கித் திருப்பும் அமைப்பில். குழாய்க்கே நிறையச் செலவாகிவிட்டது என்று, உள்ளூர்க் கடை ஒன்றில் புகைப்படக் கேமராவுக்கான முக்காலியை வாங்கினேன். ‘பத்துக் கிலோ தாங்கும் ஐயா, இதைவிட உறுதியானது கிடையாது’ என்று கடைக்காரர் உறுதி கூறினார். எடையைத் தாங்கியது உண்மைதான். ஆனால் குவியத்தைத் திருப்ப விரலை வைத்தவுடன் வியாழன் ஐபீஸுக்குள் ஊஞ்சலாடும். நின்று நிதானிக்க ஐந்து நொடி ஆகும். மொட்டைமாடியில் காற்று அடித்தால் நிற்கவே நிற்காது. திருப்பிக் கொடுக்கப் போனபோது பிரித்த பெட்டியை ஏற்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பணம் போனது போனதுதான். இரண்டு மாதம் கழித்து ஸ்கை-வாட்சரின் ஏஇசட்5 மவுண்டை எஃகு முக்காலியுடன் வாங்கிய பிறகே இந்தத் தொலைநோக்கி என்ன தரும் என்பது எனக்குத் தெரிந்தது. மேலும் கீழும் பக்கவாட்டிலும் மெல்ல நகர்த்தத் திருகுகள் கொண்ட எளிய மவுண்ட் அது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் செலவு என் டாப்சோனியனின் விலையைத் தாண்டிவிட்டது. சிறியது என்றால் மலிவு என்று எண்ணி இறங்குபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுக்கும் ஈக்குவடோரியல் மவுண்டை ஏன் வாங்கவில்லை என்று கேட்டவர்கள் உண்டு. அதைச் சரியாக நிறுத்த வான்துருவத்தை நோக்கி அமைக்க வேண்டும். வடக்கே இருப்பவர்களுக்குத் துருவ நட்சத்திரம் வழிகாட்டும். நமக்கோ தென்துருவம் தொடுவானத்திலிருந்து இருபது பாகை உயரத்தில் இருக்கிறது. அங்கே வழிகாட்ட இருப்பது சிக்மா ஆக்டான்டிஸ் என்னும், வெறுங்கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மீன். வாக்வாவில் நின்று தெற்கே இருபது பாகை உயரத்தில் பார்த்தால் பெரும்பாலும் மேகமும் கியூர்பிப்பின் வெளிச்சமும்தான் இருக்கும். நீண்டநேரப் படமெடுப்பவர்கள் அந்தப் பாட்டைப் பட்டே ஆக வேண்டும். அரைமணி நேர இடைவெளியில் பார்க்க ஓடுகிறவருக்கு அது தேவையில்லை.

இனிப் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

மே மாத இரவு ஒன்றில், எட்டரை மணிக்கு மேகம் விலகியது. குழாயை ஒரு கையிலும், மவுண்ட் மாட்டிய முக்காலியை மறுகையிலும் எடுத்துக்கொண்டு ஒரே நடையில் மாடிக்குப் போனேன். மேல்தளம் எழுப்பும் நாளுக்காக விட்டுவைத்த இரும்புக் கம்பிகள் நம் வீட்டு மாடிகளில் நீட்டிக்கொண்டிருக்குமே, அவற்றில் இரண்டுக்கு நடுவே நிறுத்தினேன். பகல் முழுதும் வெயில் குடித்த கான்கிரீட் தளம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அந்தச் சூடு மேலெழும்போது எட்டு அங்குலத்தில் விண்மீன்கள் கொதிக்கும் எண்ணெய்போல் துள்ளும். பத்தொன்பது மடங்கில் அந்தத் துள்ளல் கண்ணுக்கே தெரியவில்லை. கரீனா நெபுலா முழுமையாக உள்ளே வந்தது. பதினோரு ஆண்டுகளாக நான் அதைத் துண்டு துண்டாகப் பார்த்து மனத்தில் ஒட்டவைத்திருக்கிறேன். அன்றுதான் இருண்ட பிளவு அதைக் குறுக்கே வெட்டிச் செல்வதும், இருபக்கமும் ஒளி மெல்லத் தேய்ந்து விண்மீன்களுக்குள் கரைவதும், சுற்றியிருக்கும் சிறு கொத்துகள் அதற்குக் காவல் நிற்பதும் ஒரே காட்சியாகத் தெரிந்தன. பதினெட்டு நிமிடத்தில் மேகம் மூடிவிட்டது. இறக்கி வைக்கவும் ஒரே நடைதான்.

ஜூலையில் குடும்பத்துடன் லெ மோர்ன் கடற்கரைக்குப் போனபோது எங்கள் சிறிய காரில் ஐந்து பேரும் சாப்பாட்டுக் கூடையும் போக மீதமிருந்த இடத்தில் இது வந்தது. முன்பெல்லாம் தொலைநோக்கி வர வேண்டும் என்றால் யாரேனும் ஒருவர் வீட்டில் நிற்க வேண்டும். அங்கே மூல நட்சத்திரத்தருகே இருக்கும் கொத்தைக் கருமை சூழப் பார்த்தோம். எவ்வளவு நேரமானாலும் காருக்குள் குலுங்கி வந்த கருவியை ஒத்திசைக்கும் வேலை இல்லை. வில்லைகள் தொழிற்சாலையில் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. ஆக்ரக்ஸ் 120 மடங்கில் இரண்டு வெண்ணிறப் புள்ளிகளாக, ஒவ்வொன்றையும் சுற்றி நூல்போன்ற வளையத்துடன், நடுவே கருமை தெரியப் பிரிந்து நின்றது. ஆல்பா செந்தாரியின் இரண்டு மஞ்சள் மீன்களுக்கு அதைவிடக் குறைந்த பெருக்கமே போதுமாக இருந்தது.

டிசம்பரில் அம்மாவுக்குக் காட்டினேன். அவருக்கு எழுபத்தெட்டு வயது, படியேற முடியாது. டாப்சோனியனில் ஐபீஸ் குழாயின் மேற்பக்கத்தில் இருப்பதால் நின்று, குனிந்து, தலையைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். இரண்டுமுறை முயன்று விட்டுவிட்டார். இதை முற்றத்தில் வைத்து, ஐபீஸைப் பக்கவாட்டில் மடக்கும் டயாகனலை நாற்காலிக்கு நேராகத் திருப்பிவிட்டால் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். வடக்கே கார்த்திகை நின்றது. முருகனைப் பாலூட்டி வளர்த்த ஆறு பெண்கள் என்று எனக்குச் சிறுவயதில் சொல்லித் தந்தவர் அவர்தான். நெடுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு, ‘ஆறு மீன் என்றுதானே சொல்லி வந்தோம், தம்பி? இங்கே அறுபது இருக்கும்போல் இருக்கிறதே’ என்றார். பிறகு அந்த ஆறையும் தனியே கண்டுபிடித்து எண்ணினார்.

தைப்பூசத்தன்று இரவு பூச நட்சத்திரத்தைக் காட்டச் சொல்லி அவரே கேட்டார். பூசம் இருக்கும் கடக ராசியில், அதன் மீன்களுக்கு நடுவே, தேனீக்கூட்டம்போல் ஒரு விண்மீன் கொத்து இருக்கிறது. ஒன்றரைப் பாகை அகலம். ஆனால் தைப்பூசம் என்பதே நிறைநிலா பூசத்தருகே நிற்கும் நாள். அந்த ஒளியில் கொத்து மூழ்கிப்போகும். இரண்டு வாரம் கழித்து, நிலா இல்லாத மாலையில் காட்டினேன். காவடி எடுக்கும் நாளுக்குப் பெயர் தந்த நட்சத்திரத்தின் நடுவே இருக்கும் மீன்கூட்டத்தை ஐபீஸ் நிறையப் பார்த்தது என் வீட்டில் பல நாள் பேச்சாக இருந்தது.

கோள்களைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். வியாழனில் இரண்டு பட்டைகள் கூர்மையாகத் தெரியும். காற்று அமைதியாக இருந்தால் பெருஞ்சிவப்புப் புள்ளியும் தெரியும். சனியின் வளையமும் டைட்டன் நிலவும் அழகாகத் தெரியும். அதே இரவில் எட்டு அங்குலத்தை அருகில் வைத்து 200 மடங்கில் பார்த்தால், சிறியது முன்னோட்டம், பெரியது முழுப்படம். நிலாவில் வேறுபாடு இன்னும் மிகுதி. பகலில் மட்டும் சிறியது முந்திக்கொள்கிறது: முகப்பை முழுவதும் மூடும் சூரிய வடிகட்டித் தாளை இறுக்கமாகப் பொருத்திக்கொண்டு, மதிய உணவு வேளையில் ஐந்து நிமிடத்தில் சூரியப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு வர முடிகிறது. வடிகட்டி ஐபீஸ் பக்கம் அல்ல, முகப்பில்தான் இருக்க வேண்டும். பொருத்துமுன் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் துளை உண்டா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிட வேண்டும். தேடுகுழாயையும் கழற்றிவிடுவது என் வழக்கம்.

குறைகளும் உண்டு. குவியம் சரிசெய்யும் பகுதி இரண்டு வேகங்களில் திரும்பும் கிரேஃபோர்டு வகை. பற்களற்று, அழுத்தத்தால் மட்டும் நகர்வது. கனமான இரண்டங்குல ஐபீஸை மாட்டி உச்சியை நோக்கித் திருப்பினால் மெல்லச் சறுக்குகிறது. அடியில் இருக்கும் திருகை இறுக்கினால் நின்றுவிடும். இறுக்கினால் கைக்கு மிருது போய்விடும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. முகப்பில் இருக்கும் பனித்தடுப்பு உள்ளே தள்ளி மடக்க முடியாதது; அதனால் குழாய் இருக்க வேண்டியதைவிட நீளமாக இருக்கிறது. அதே பனித்தடுப்புதான் மேட்டுநிலத்தில் நள்ளிரவுவரை வில்லையைக் காய்ந்தே வைத்திருக்கிறது என்பதால் நான் அதைப் பெரிதாகக் குறைகூறவில்லை. இன்னொன்று நம் அட்சரேகைக்கே உரியது. தேளும் தனுசும் ஆடி மாதத்தில் நேர் உச்சிக்கு வருகின்றன. வில்லைத் தொலைநோக்கி உச்சியைப் பார்க்கும்போது ஐபீஸ் கீழே போய்விடும். முக்காலியை முழு உயரத்துக்கு நீட்டினால் உறுதி குறைகிறது. நீட்டாவிட்டால் முழங்காலிட வேண்டியிருக்கிறது. நான் முழங்காலுக்குக் கீழே ஒரு மெத்தையைப் போட்டுக்கொள்கிறேன்.

ஈரத்துக்கும் ஒரு சொல். நம் ஊரில் வில்லைக்கு எதிரி தூசி அல்ல, பூஞ்சை. பார்த்து முடித்தவுடன் மூடியைப் போட்டுப் பெட்டிக்குள் வைத்தால் பனி உள்ளேயே தங்கிவிடும். ஒருமணி நேரம் அறையில் திறந்துவைத்து உலர்ந்தபின்தான் பெட்டிக்குள் வைக்கிறேன். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. நிறம் மாறியதும் அடுப்பில் இளஞ்சூட்டில் வறுத்து மறுபடி வைத்துவிடுவேன். கடலோரம் போய்வந்த மறுநாள் குழாயின் வெளிப்புறத்தையும் முக்காலியின் திருகுகளையும் ஈரத்துணியால் உப்புப் போகத் துடைத்துவிடுகிறேன்.

எட்டு அங்குலம் வைத்திருப்பவருக்கு அடுத்தது எது என்று இன்று என்னைக் கேட்டால், குழாய்க்கு ஒதுக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது மவுண்டுக்கு எடுத்துவைத்துவிட்டு, மீதியில் 80இடியோ, முடியாவிட்டால் ஸ்டார்டிராவல் 102-ஓ வாங்கச் சொல்வேன். எட்டு அங்குலத்தை விற்றுவிட்டு இதை வாங்கலாமா என்று கேட்பவருக்கு வேண்டாம் என்பதே என் பதில். இது வந்தபின் என் டாப்சோனியன் வெளியே வரும் இரவுகள் குறையவில்லை. மாலையில் சிறியதை வைத்துவிட்டுக் காற்றையும் மேகத்தையும் பார்க்கிறேன். வானம் நிலைக்கும் என்று தோன்றினால் மகளைக் கூப்பிட்டுப் பெரியதையும் ஏற்றுகிறோம். சென்ற வாரம் அப்படி இரண்டும் அருகருகே நின்றன. பெரிய மகல்லன் மேகத்தின் ஓரத்தில் இருக்கும் டரான்டுலா நெபுலாவைச் சிறியதில் கண்டுபிடித்து, அது மேகத்தின் எந்த இடத்தில் இருக்கிறது என்று மகள் பார்த்தாள். பின் பெரியதில் அதன் கால்களை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள். நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தை அவளே எழுதினாள்.